பூசையில் மனம் நிற்காவிட்டால் நன்மை வாங்கக் கூடாதா?

கேள்வி: இயேசுவுக்கே புகழ், ஃபாதர். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் 11 வருடமாக வேலை. மெஷினில் உட்கார்ந்தால் எட்டு மணி நேரமும் கண் தையலை விட்டு நகராது. ஆனால் ஞாயிறு பூசையில் பத்து நிமிடம் மனம் நிற்க மாட்டேன் என்கிறது. வாசகம் படிக்கும்போது சீட்டுப் பணம், பிரசங்கத்தில் மகளின் பரீட்சை, குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடிக்கும்போதுகூட நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை. ராத்திரி ஜெபமாலை சொன்னால் பாதியில் எந்த மறைபொருள் (தியானிக்க வேண்டிய இயேசு, மாதா வாழ்வின் நிகழ்ச்சி) என்றே மறந்துவிடுகிறது. கவனமில்லாமல் சொன்னது கணக்கில் வராதே என்று அந்தப் பத்து ஜெபமணிகளையும் முதலிலிருந்து சொல்வேன். சில நாள் ஒரு ஜெபமாலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இப்படிப்பட்ட மனதோடு ஆண்டவரை வாங்குவது துரோகம் என்று தோன்றி, மூன்று வாரமாக நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம்) வாங்கவில்லை. ஏழாவது படிக்கும் மகள் ‘ஏம்மா வாங்கல?’ என்று கேட்கிறாள். அவளிடம் என்ன சொல்வது? நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். தனியாக உட்கார்ந்து ஜெபிக்க வீட்டில் அறை கிடையாது. (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்குங்கள். அறிந்தே, மனமொப்பிச் செய்த கனமான பாவம் ஏதாவது இருந்து, இன்னும் குருவிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை என்றால்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருக்க வேண்டும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. மனம் அலைந்தது இந்தக் கணக்கிலேயே சேராது. இந்த மனதோடு வாங்குவது துரோகம், அதாவது தகுதி இல்லை என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டவர் நம் இல்லத்தில் எழுந்தருள நமக்குத் தகுதி இல்லை என்பதைத்தான் நன்மைக்கு முன்னால் கோயில் முழுக்கச் சேர்ந்து சொல்கிறோம், பீடத்தில் நிற்கும் குருவும் சேர்ந்துதான். ஒரு வார்த்தை சொல்லும், என் ஆன்மா நலமடையும் என்று கேட்டுவிட்டு எல்லாரும் வரிசையில் போகிறார்கள். நீங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

இனி, பாவமா இல்லையா என்பது. நினைவு வருவது வேறு, வந்த நினைவோடு நாம் உட்காருவது வேறு. வாசலில் வந்து நின்றவரையும், நாமே பாய் விரித்து உட்காரவைத்துக் காபி கொடுத்தவரையும் ஒன்றாக எண்ண மாட்டோம். சீட்டுப் பணம் நினைவுக்கு வந்ததில் குற்றமே இல்லை. ‘ஐயோ, பூசையில் இருக்கிறேன்’ என்று உறைக்கும்வரை ஐந்து நிமிடம் போயிருந்தாலும் இல்லை. தெரியாமல் போனது போனதுதான். உறைத்த பிறகும் ‘கிடக்கட்டும், இந்தக் கணக்கை முடித்துவிடுவோம்’ என்று இந்த மாதக் கழிவு எவ்வளவு, கையில் எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்தால், அது அசட்டை. அதுவும் சின்னக் குற்றம்தான். பூசையின் தொடக்கத்தில் எல்லாரும் மார்பில் தட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மெஷினில் எட்டு மணி நேரமும் கவனம் சிதறாது என்கிறீர்கள். கண் நகராது என்பது சரி. ஆனால் அங்கேயும் மகளின் பரீட்சையும் நாத்தனாரும் வந்து போகத்தான் செய்வார்கள். கை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால், வந்தவர்கள் வந்த வழியே போகிறார்கள். தைக்கத்தான் உட்கார்ந்தீர்கள், நடுவில் வேறு நினைவு வந்ததால் தைத்தது தையல் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்வாரா? 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் ஜெபத்தைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: ஜெபிக்க வேண்டும் என்று தொடங்கும்போது வைத்த எண்ணம், நடுவில் மனம் தன்னையறியாமல் அலைந்தாலும், முழு ஜெபத்தையும் தாங்கி நிற்கிறது. கவனம் மூன்று வகை என்றும் அவர் பிரிக்கிறார்: சொல்லைத் தப்பில்லாமல் சொல்வதில் கவனம், சொல்லின் பொருளில் கவனம், யாரிடம் சொல்கிறோமோ அவர்மேல் கவனம். மூன்றாவதுதான் முக்கியம், அது எழுத்தறியாதவருக்கும் முடியும் என்கிறார். நீங்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் பொருளும் மனதில் ஓடினால்தான் ஜெபம் என்று நினைத்திருக்கிறீர்கள்.

ஆகவே, இன்று ராத்திரியிலிருந்து ஜெபமாலையில் ஒரு மணியையும் திரும்பச் சொல்லாதீர்கள். சொன்னது சொன்னதுதான். நான்காவது பத்தில் இருக்கிறோமா ஐந்தாவதிலா என்று சந்தேகம் வந்தால் ஐந்தாவது என்றே வைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். இதை யோசனையாக எழுதவில்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன். அப்பர் தைக்கும்போது நூல் அறுந்தால் என்ன செய்வீர்கள்? மூன்று நான்கு தையல் பின்னால் வந்து, அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு போவீர்கள். முழுவதையும் பிரிக்க மாட்டீர்கள். துணியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. பிரித்துப் பிரித்துத் தைத்தால் அந்த அப்பரே வீண்.

திரும்பச் சொல்வதால் கவனம் கூடும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் குறைகிறது. காரணம் எளிது. முதல் தடவை மனதுக்கு ஒரே வேலை, சொல்வது. இரண்டாம் தடவை ‘இப்போது கவனமாகச் சொல்கிறேனா’ என்று காவல் காக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. மாதாவைப் பார்க்க வேண்டிய கண் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா புனித இஞ்ஞாசியாரும் 1522-இல் மன்ரேசா ஊரில் இந்தப் பிடியில் சிக்கியவர்தான். அவருக்கு வந்தது பாவசங்கீர்த்தனத்தில்: சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி சொன்னார், நிம்மதி வரவில்லை. நான்கு வாரம் இந்த விதியைக் கடைப்பிடித்தும் திரும்பச் சொல்லும் நெருக்கடி குறையவில்லை என்றால், பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போய் அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். கேஸ் மூடினேனா, கதவு பூட்டினேனா என்று வீட்டிலும் பத்துத் தடவை போய்ப் பார்க்கிற பழக்கம் இருந்தால், மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அது பக்திக் குறைவு அல்ல, மருந்துக்கும் பயிற்சிக்கும் கட்டுப்படுகிற நோய்.

சரி, வருகிற நினைவுகளை என்ன செய்வது? துரத்தாதீர்கள். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2729ஆம் எண்ணில் இதை நேரடியாகவே பேசுகிறது: கவனச் சிதறலை வேட்டையாடப் போனால் அதன் வலையிலேயே விழுவோம், இதயத்துக்குத் திரும்பினால் போதும், எதில் நம் மனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள மூன்றையே எடுத்துப் பார்க்கிறேன், மூன்றும் ஒரே ஜாதி இல்லை.

சீட்டுப் பணம் ஒரு வேலை. ‘மறந்துவிடாதே’ என்று மனம் நினைவூட்டுகிறது. எங்கேயாவது குறித்துவைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும், அதன் கடமை அது. சனிக்கிழமை ராத்திரி ஒரு துண்டுச் சீட்டு எடுத்து, திங்கட்கிழமைக்குள் செய்ய வேண்டியதை எழுதுங்கள்: சீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியது, ரேஷன், பள்ளிக் கட்டணம். ஏழெட்டு வரிக்கு மேல் போகாது. அதை பைபிளுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். பூசையில் அந்த நினைவு வந்தால் ‘எழுதி வைத்தாயிற்று’ என்று ஒரு வார்த்தை. செல்போனில் எழுதாதீர்கள், அதைப் பார்க்கக் கை போனால் மற்றதெல்லாம் கூடவே வரும்.

மகளின் பரீட்சை கவலை. அதைத் துரத்துவது வீண் வேலை, தாய் மனம் விடாது. கவலையை அப்படியே மன்றாட்டாக மாற்றிவிடுங்கள். ‘ஆண்டவரே, கணக்குப் பரீட்சை, அவளைப் பாரும்’ என்று சொல்லிவிட்டுப் பூசைக்குத் திரும்புங்கள். ஒரு வாக்கியம்தான், இரண்டாவது வாக்கியம் போனால் மறுபடி கவலையாகிவிடும்.

நாத்தனார் சொன்ன வார்த்தை காயம். மூன்றிலும் இதுதான் ஆழமானது, அதனால்தான் எழுந்தேற்ற நேரம் பார்த்து வருகிறது. கோயில் அமைதியாகும்போதுதான் அடியில் கிடப்பது மேலே வரும். இதற்காக வெட்கப்பட வேண்டாம். காணிக்கையைப் பீடத்தில் செலுத்த வந்த இடத்தில், சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்ன செய்வது என்று ஆண்டவரே மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். பீடத்தின் முன்னால்தான் அது நினைவுக்கு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே மனத்தாங்கல் எதிராளிக்கு, இங்கே உங்களுக்கு. இடம் மட்டும் அதேதான். ‘அவங்க சொன்னது வலிக்குது ஆண்டவரே, அவங்களையும் என்னையும் பாரும்’ என்று சொல்லி அங்கேயே வைத்துவிடுங்கள். ‘எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல’ என்று சற்று நேரத்தில் நீங்களே வாயால் சொல்லப்போகிறீர்கள். அந்த வரி வரும்போது அவர் முகத்தை நினையுங்கள். அதன்பிறகு வார நாளில் ஒரு போன் போட்டுப் பேசுவது உங்கள் சாமர்த்தியம். அதைச் செய்யாவிட்டால் அடுத்த ஞாயிறும் அதே மணியோசையில் அதே வார்த்தை வரும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, நீங்கள் எழுதவில்லை. வேனில் கேட்ட பாட்டு, சீரியல் வசனம், விளம்பர மெட்டு. அது வெறும் சத்தம், அதோடு பேச்சே வேண்டாம். அவிலா புனித தெரேசா தம் தலைக்குள் ஓடும் இரைச்சலை மாவு ஆலையின் கடகட ஓசைக்கு ஒப்பிட்டார். ஆலை கடகடக்கட்டும், நாம் நம் மாவை அரைப்போம் என்றார். அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே துறவி யோவான் கசியன் எழுதிய நூலிலும் ஆலைதான் வருகிறது, ஆனால் வேறு கோணத்தில்: தண்ணீர் பாயும்வரை ஆலைக்கல் சுற்றத்தான் செய்யும், ஆனால் அதில் கோதுமையைப் போடுவதா களையைப் போடுவதா என்பது ஆலைக்காரன் கையில். எனக்கு இரண்டாவதுதான் உங்களுக்கு உதவும் என்று படுகிறது. சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்து வந்து, படுக்கையில் பன்னிரண்டு மணிவரை ரீல்ஸ் பார்த்தால், ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கல் அதைத்தான் அரைக்கும். சனி ராத்திரி ஒன்பதரைக்குப் போனை வைத்துவிட்டு, கோயில் காலண்டரில் மறுநாள் வாசகக் குறிப்பைப் பார்த்து நற்செய்தியை மட்டும் மகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம். அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு தூங்குங்கள்.

இப்போது பூசைக்குள் வருவோம். வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஏப்ரல், மே மாதங்களில் முதல் பூசைக்குப் போய்விடுங்கள், வியர்வையோடு போராடிக்கொண்டே ஜெபிக்க முடியாது. காபி குடிக்காமல் தலை வலித்தால் குடித்துவிட்டே வரலாம். ஒரு மணி நேரக் கணக்கு பூசை தொடங்கும் நேரத்துக்கு இல்லை, நன்மை வாங்கும் நேரத்துக்கு. ஆறரைப் பூசையில் நன்மை ஏழேகாலுக்கு என்றால், ஆறு மணிக் காபியில் பிரச்சினை இல்லை. பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். வாசல் ஓரமும் பின்வரிசையும் வேண்டாம். அங்கே செருப்புச் சத்தம், பேச்சு, போன் மூன்றும் இருக்கும். பீடம் தூண் மறைக்காமல் தெரிகிற இடமாக, முன்பாதியில், வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். ஓரம் எதற்கென்றால் மகனுக்காக. அவன் அடம்பிடித்தால் யாரையும் தாண்டாமல் வெளியே போய்வரலாம். பிள்ளையை அமர்த்திவிட்டுத் திரும்பி வருகிற இரண்டு நிமிடமும் பூசையில் சேர்ந்ததுதான்.

மனம் நழுவுகிற இடங்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒன்றே. ‘மன்றாடுவோமாக’ என்று குரு சொல்லிவிட்டுச் சில நொடி நிறுத்துவார். அந்த இடைவெளி எதற்கென்று பலருக்குத் தெரியாது, புத்தகத்தில் பக்கம் தேடுகிறார் என்று நினைப்பார்கள். ஒவ்வொருவரும் தன் மன்றாட்டை உள்ளுக்குள் வைப்பதற்குத்தான் அது. அவற்றையெல்லாம் திரட்டித்தான் குரு அடுத்த மன்றாட்டைச் சொல்கிறார், அதனால்தான் அதற்குத் திருக்குழும மன்றாட்டு என்று பெயர். இந்தப் பூசையை எதற்காக ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்பதை அங்கே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தாமஸ் அக்குவினாஸ் சொன்ன தொடக்க எண்ணத்தை ஊன்றுகிற இடம் அது.

வாசகங்களில் இரண்டாவதில்தான் கூட்டத்தில் பாதிப் பேர் காணாமல் போகிறோம். காரணம் உண்டு. ஆண்டின் பொதுக்காலத்து ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்துகிற மாதிரித் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இரண்டாம் வாசகம் பவுல் முதலியோரின் கடிதங்களிலிருந்து வாராவாரம் தொடர்ச்சியாக, தன் வழியில் தனியாகப் போகிறது. முன்னும் பின்னும் ஒட்டாத ஒன்றை நடுவில் கேட்டால் மனம் இறங்கிவிடும். அதில் முழுக் கருத்தையும் பிடிக்கப் பார்க்காமல், ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். நற்செய்திக்கு எழுந்து நின்று நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிலுவை போடுவோமே, அதை ஈ ஓட்டுவது மாதிரிப் போடாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தி, மெதுவாக, மூன்று இடத்திலும் தனித்தனியாகப் போடுங்கள். கைக்கு வேலை கொடுத்தால் மனம் கூட வரும் என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிரசங்கம் நீண்டால், முந்தின ராத்திரி எடுத்துவைத்த அந்தச் சொல்லுக்குத் திரும்பிவிடுங்கள். பிரசங்கம் நன்றாக இல்லையென்றால் அது உங்கள் குற்றம் இல்லை.

காணிக்கை நேரம் சில்லறைத் தேடலில் போய்விடும். காசை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொண்டால் பீடத்தைப் பார்க்கலாம். அங்கே குரு கிண்ணத்தில் திராட்சை ரசத்தை ஊற்றி, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். பாடல் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கிறிஸ்துவின் இறைத்தன்மையில் நாம் பங்குபெற வேண்டும் என்று அப்போது அவர் மெல்லிய குரலில் ஜெபிக்கிறார். ரசத்தில் விழுந்த சொட்டைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அந்த வார ஓவர்டைம், சீட்டு, முதுகுவலி எல்லாவற்றையும் அந்தச் சொட்டில் போடுங்கள். மூன்று நொடிதான் கிடைக்கும், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நற்கருணை மன்றாட்டுதான் எல்லாவற்றிலும் கடினம். நான்கைந்து நிமிடம் குரு மட்டுமே பேசுகிறார், நமக்கோ பதில் குறைவு, சொற்கள் மனப்பாடம், முழங்கால் வேறு வலிக்கிறது. ‘இதயங்களை மேலே எழுப்புங்கள்’ என்றதும் ‘ஆண்டவரிடம் எழுப்பியுள்ளோம்’ என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதிலைச் சொல்லும்போதுதான் நழுவிய மனதைப் பிடித்து இழுக்க வேண்டும், திருச்சபையே நமக்காக அங்கே ஒரு கைப்பிடி வைத்திருக்கிறது. பிறகு குருவின் சொற்களில் நான்கு வினைகளுக்காகக் காது கொடுங்கள்: எடுத்தார், நன்றி கூறினார், பிட்டார், கொடுத்தார். எழுந்தேற்றத்தில் நீண்ட ஜெபம் எதுவும் வேண்டாம். ‘என் ஆண்டவரே, என் கடவுளே’ என்ற திருத்தூதர் தோமாவின் சொல் போதும். மயிலாப்பூரில் கல்லறை உள்ள தோமாவேதான். இறந்தவர்களை நினைவுகூரும் இடம் வரும்போது உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை உள்ளுக்குள் சொல்லுங்கள், பெயர் சொல்லும்போது மனம் அலையாது. முழங்கால் தாங்கவில்லையென்றால் உட்கார்ந்துவிடுங்கள். பாதி முட்டி பாதி பெஞ்சு என்று தொங்கிக்கொண்டிருந்தால் கவனம் முழுக்க முட்டியில்தான் இருக்கும்.

நன்மை வாங்கிவிட்டு வந்ததும் பாடகற்குழு பாடும், பின்னாலேயே அறிவிப்பு வரும். நடுவில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். ‘வந்தீர், நன்றி’ என்று ஒன்று, அந்த வாரத்துக்கு வேண்டிய ஒன்று, வேறொருவருக்காக ஒன்று. அதற்குமேல் அந்த இரண்டு நிமிடத்தில் அடைக்காதீர்கள்.

திருவிழா நாளில் மனம் நிற்கவில்லை என்று வருந்தாதீர்கள். சேத்துப்பட்டு லூர்து மாதா திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு தனிமையைத் தேடுவது, சந்தையில் பாய் விரிப்பது மாதிரி. அன்று ஊரோடு சேர்ந்து பாடுங்கள். அமைதி வேண்டுமானால் வேறொரு சாதாரண நாளில் அதே கோயிலுக்குப் போய்க் கால்மணி நேரம் நற்கருணைப் பேழையின் முன் உட்காரலாம்.

வீட்டு ஜெபத்துக்கு அறை வேண்டாம், ஒரு மூலையும் ஒரு நேரமும் போதும். ஒரே பாய், ஒரே திசை, ஒரே நேரம். 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மணி நேரம் வேண்டாம். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்த பிறகு. சோறு தின்ற பிறகு இல்லை. மாமியார் சீரியல் பார்க்கும் நேரம் என்றால் அந்த நேரத்தோடு மோதாமல் அரைமணி முந்திக்கொள்ளுங்கள். போனில் பைபிள் வாசிக்க வேண்டாம், அச்சுப் புத்தகமே நல்லது. போனை அரிசி டப்பாவுக்குள் போட்டாலும் சரி, கைக்கு எட்டக் கூடாது. கண்ணை மூடினால் நினைவுகள் மொய்க்கும் என்றால் திறந்தே வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியையோ சுரூபத்தையோ பாருங்கள்.

உட்காருவதற்கு முன்னால் ஒரு காரியம். இஞ்ஞாசியார் சொல்லித்தந்தது: ஜெபிக்கும் இடத்துக்கு ஓரிரு எட்டு முன்னாலேயே, ஒரு விண்ணுலக மந்திரம் (‘எங்கள் தந்தையே’ ஜெபம்) சொல்கிற நேரம் நின்று, ஆண்டவர் என்னைப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டுப் பிறகு உட்கார வேண்டும். செய்து பாருங்கள், பாதி இரைச்சல் அந்த நிற்றலிலேயே அடங்கும். அவரே சொன்ன இன்னொரு முறையும் உங்களுக்குப் பொருந்தும். விண்ணுலக மந்திரத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அதில் சுவை இருக்கும்வரை அங்கேயே இருப்பது, தீர்ந்தால் அடுத்த சொல். இலத்தீனில் முதல் சொல்லே ‘தந்தையே’. தமிழில் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று அது நான்காவதாகத்தான் வருகிறது. அவசரப்படாமல் ‘எங்கள்’ என்பதில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள், நாத்தனாரும் அந்த ‘எங்கள்’ளில்தான் இருக்கிறார். 15 நிமிடத்தில் இரண்டு சொல்லைத் தாண்டவில்லை என்றாலும் ஜெபம் முடிந்தது, மீதியை வேகமாகச் சொல்லி எழுந்துவிடலாம். ஜெபம் வறண்டிருக்கும்போது குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்காரச் சொல்வார் இஞ்ஞாசியார். அது சுணங்குகிறவர்களுக்கு. உங்களைப் போலத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் நேரம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும்.

ஜெபமாலைக்கு ஓர் உபாயம். ‘உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும்’ என்ற இடத்தில், அன்றைய மறைபொருளை ஒட்டி ஒரு சிறு தொடரைச் சேர்ப்பது பழைய பழக்கம். ஒளியின் மறைபொருள்களை 2002-இல் சேர்த்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், இந்தப் பழக்கத்தையும் அப்போது நினைவூட்டினார். பிற மொழிகளில் பெயருக்குப் பின்னால் சேர்ப்பார்கள், தமிழில் பெயருக்கு முன்னால்தான் ஓசை பொருந்தும். சந்திப்பு மறைபொருளில் ‘எலிசபெத்தைப் பார்க்க நீர் சுமந்து சென்ற இயேசுவும்’; முள்முடியில் ‘எங்களுக்காக முள்முடி தாங்கிய இயேசுவும்’. ஒவ்வொரு மணியிலும் அந்த இடம் வரும்போது மனம் தானாக மறைபொருளுக்குத் திரும்பும். மறைபொருளை அறிவித்ததும் ஐந்து நொடி சும்மா இருந்துவிட்டுத் தொடங்குங்கள். ஐந்து பத்தும் ஒரே மூச்சில் முடியாவிட்டால், மூன்றைக் கம்பெனி வேனிலும் இரண்டை வீட்டிலும் சொல்லலாம். வேனில் பாட்டுச் சத்தம் அதிகமென்றால், கசியன் பரிந்துரைத்த 70ஆம் திருப்பாடலின் முதல் வசனம் போதும்: கடவுளே, துணையாக வாரும், ஆண்டவரே, உதவ விரைந்து வாரும். மூச்சு உள்ளே போகும்போது ஒரு பாதி, வெளியே வரும்போது மறுபாதி.

தூக்கம் வந்தால் எழுந்து நின்றோ மொட்டை மாடியில் நடந்தோ சொல்லுங்கள். அப்படியும் தூங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். ஜெப நேரத்தில் பல ஆண்டு தூங்கிவிழுந்தவர்தான் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள். பிள்ளைகள் தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தான் என்று தேற்றிக்கொண்டார். ஆனால் ஜெபத்தில் மட்டுமல்லாமல் மெஷினிலும் சமையலிலும் கவனம் நழுவத் தொடங்கினால், களைப்பும் படபடப்பும் கூடவே இருந்தால், ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதை ஜெபத்தால் சரிசெய்யப் பார்த்துத் தோற்றுப்போய்த் தன்னையே நொந்துகொள்கிற பெண்கள் நிறையப் பேர்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ‘நான் தப்பா நெனச்சுட்டேன்டி, ஃபாதர்கிட்ட கேட்டேன், வாங்கலாம்னு சொல்லிட்டாரு’ என்று சொல்லுங்கள். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் நில்லுங்கள்.